பின்கதவில் நிற்கும் ஓட்டுநர்

என் தம்பி மனைவியை வீட்டில் நாங்கள் கமா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் என் தம்பி. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் துண்டுச் சீட்டில்கூட, "பால் வாங்கணும், ரெண்டு பாக்கெட், மறக்காம, ப்ளீஸ்" என்று எழுதுகிறவளை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது?

அது அவள் தொழிலிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். என்ன தொழில் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். விளக்கப் போனால் தைக்க வந்த துணி அப்படியே கிடக்கும். இப்போது விளக்கித்தான் ஆக வேண்டும், கேளுங்கள். கண் தெரியாதவர்கள் போனில் ஒரு குரலை வைத்துக்கொண்டு வெப்சைட்டைக் காதால் படிக்கிறார்கள். எழுத்து வந்தால் அந்தக் குரல் படித்துவிடும். படம் வந்தால் அதற்குத் திக்கென்று ஆகிவிடும். படத்துக்குப் பின்னால் யாராவது ஒரு வரி எழுதி வைத்திருந்தால்தான் அதனால் பேச முடியும். கண் உள்ளவர்களுக்கு அந்த வரி தெரியாது. அதற்கு ஆல்ட் டெக்ஸ்ட் என்று பெயர். காலையிலிருந்து சாயங்காலம் வரை என் தம்பி மனைவி எழுதுவது அதைத்தான்.

"அந்தக் குரலுக்கு மூச்சு விடத் தெரியாது அண்ணி. கமா போட்டாத்தான் கொஞ்சம் நிக்கும்" என்பாள்.

நான் ஆல்டரேஷன் தையல்காரி. எங்கள் ஃப்ளாட்டின் முன்னறைதான் என் கடை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரே சொல்லும். "யாரும் பார்க்காத எழுத்துக்கு இவ்ளோ மெனக்கெடணுமா?" என்று ஒருநாள் கேட்டேன். அவள் என் கையிலிருந்த பேண்ட்டைப் பிடுங்கி உட்புறத்தைத் திருப்பினாள். "இந்த உள்தையலை யார் அண்ணி பார்க்கறாங்க? ஏன் இவ்ளோ நெருக்கமா போட்டிருக்கீங்க?" என்றாள். என் வாயை அடைத்தவர்கள் இந்த உலகத்தில் மிகக் குறைவு. அதில் அவள் ஒருத்தி.

அவள் இந்த வேலைக்கு வந்ததே என் அம்மாவால்தான். அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள். கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிஞ்சியது. கண் ஆஸ்பத்திரி ஒன்றின் வெப்சைட்டில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்க உட்கார்ந்தாள். போன், "படம். படம். பட்டன். பட்டன். படம்" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே போயிற்று. எந்தப் பட்டன் எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. அம்மா சலிக்காமல் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, "யாரோ லைன்ல இருக்காங்க, ஆனா பேச மாட்டேங்கறாங்க" என்றாள்.

கமா அப்போது கல்யாணமாகி வந்த புதிது. ஏதோ துணிக்கடையின் வெப்சைட்டுக்கு விலையும் அளவும் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "கண் ஆஸ்பத்திரிக்கே கண்ணு தெரியலைன்னா எங்க போய் முட்டிக்கறது?" என்று கத்தினாள். அந்தக் கோபத்திலேயே படித்து, இந்த வேலை செய்கிற ஒரு சின்ன ஆபீசில் சேர்ந்தாள்.

வேலையில் அவள் ராட்சசி. சும்மா சொல்லக் கூடாது. மவுஸைக் கழற்றி அலமாரியில் எறிந்துவிட்டு விசைப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போவாள். திரையை அணைத்துவிட்டு, கண்ணையும் மூடிக்கொண்டு கேட்பாள். தலைப்பை வெறுமனே பெரிய எழுத்தில் போட்டுவிட்டால் விடமாட்டாள். அது தலைப்பு என்று குரலுக்கும் தெரிகிற மாதிரி உள்ளே குறித்தாக வேண்டும். பூ, கோடு, நிழல் என்று அழகுக்காக வைத்த படமென்றால் வரியைக் காலியாக விட்டுவிடுவாள். குரல் அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். மற்றவர்கள் எழுதுகிற வரிகளைக் கத்திரி போட்டு வெட்டுவாள். அவளிடம் ஒரே ஒரு சட்டம்தான். "பார்க்கறதை எழுது. தெரிஞ்சதை எழுதாதே." படத்தில் இருப்பவர் மந்திரி என்று உனக்குத் தெரியலாம், அவர் நல்லவரா கெட்டவரா என்றும் தெரியலாம். படத்தில் என்ன தெரிகிறதோ அதை மட்டும் சொல்.

என் தம்பி டவுன் பஸ் ஓட்டினான். அவன் வேலை பார்த்த பஸ் கம்பெனியின் வெப்சைட் வேலை இவள் ஆபீசுக்கே வந்தது. பார்வையற்ற பயணிகள் எப்படி ஏறுவது என்று ஒரு பக்கம். அதற்கு ஒரு படம் வேண்டுமென்று இவனை நிறுத்தி எடுத்தார்கள். பின்கதவுப் படியில் நின்று, கைத்தடியோடு வருகிற ஒருவருக்குக் கை நீட்டுகிற மாதிரி. அன்று முழுக்க வீட்டில் ஒரே அலம்பல். "நாளையிலேர்ந்து என்னைப் பார்க்கணும்னா அப்பாயின்ட்மென்ட் வாங்கணும்" என்று அலட்டிக்கொண்டான்.

அந்தப் படத்துக்கு வரி எழுதியது கமாதான். கணவன் என்று ஒரு எழுத்து இல்லை. சட்டம் சட்டம்தான். ஆனால் கடைசியில் ஒரு துண்டைச் சேர்த்திருந்தாள்: 'அவருடைய ஒரு ஷூவின் நாடா அவிழ்ந்திருக்கிறது.' அது பயணிகளுக்கு எதற்கு என்று மேலாளர் கேட்டிருக்கிறார். "படத்துல இருக்கு சார்" என்று சொல்லிவிட்டாளாம். மற்றவர்களின் வரிகளை எல்லாம் வெட்டித் தள்ளுகிறவள் அதை மட்டும் வெட்டவில்லை. தம்பி அதைக் கேட்டுவிட்டு, "உலகத்துக்கே சொல்லி என் மானத்தை வாங்கிட்டா!" என்று சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்புறம் அவன் செத்துப்போனான். வெயில் நேரம், பஸ் நிறைய ஆட்கள். நெஞ்சைப் பிடித்திருக்கிறது. பஸ்ஸை ஓரம் கட்டி, கதவைத் திறந்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கையும் போட்டுவிட்டு, ஸ்டியரிங் மேல் சாய்ந்திருக்கிறான். கடைசி சீட்டில் இருந்தவர்களுக்கு வண்டி ஏன் நின்றதென்றுகூடத் தெரியவில்லையாம். அம்மா அழுதாள். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். கமா அழவில்லை. அதைவிட மோசம், அவனைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். 'அவர்' என்ற சொல்லே அவள் வாயிலிருந்து காணாமல் போயிற்று. நாங்கள் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். மூன்று பெண்கள் இருக்கிற வீட்டில் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைத்தான் அதிகம் கேட்டோம்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில் நான் ஜிப் மாற்றிக்கொண்டிருந்தேன். ஜன்னலோர நாற்காலியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா, பக்கத்து வீட்டு விஷயம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"இன்னைக்கும் லேஸை அவுத்துப் போட்டுட்டுத்தான் நிக்கறான் உன் தம்பி."

எனக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது. "யாரும்மா?"

"உன் தம்பிதான். பின்கதவுகிட்ட. தினமும்தான் நிக்கறான்."

சரி, அம்மாவுக்கும் புத்தி பிசகிவிட்டது, இனி நான் ஒருத்தியாக என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டே போய்ப் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். பஸ் கம்பெனியின் பக்கம்தான். ஆனால் படத்தில் தம்பி இல்லை. பச்சைச் சட்டை போட்ட ஒரு தாடிக்காரப் பையன் புது பஸ்ஸின் முன்கதவில் நின்றுகொண்டிருந்தான். எப்போதோ படத்தை மாற்றிவிட்டார்கள்.

"அம்மா, இது தம்பி இல்ல. வேற யாரோ பையன்."

"உனக்குக் கண்ணு தெரியலைன்னா அதுக்கு நான் என்னடி பண்றது?" என்று சொல்லி, கை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

நான் நேரே கமாவிடம் ஓடினேன். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ரத்தமே இல்லை. தன் போனை எடுத்தாள், அந்தப் பக்கத்தைத் திறந்தாள், கண்ணை மூடிக்கொண்டு காதில் வைத்தாள். நானும் காதை ஒட்டிக்கொண்டேன். உணர்ச்சியே இல்லாத அந்தக் குரல் சொன்னது:

'நீலச் சட்டை அணிந்த ஓட்டுநர், பேருந்தின் பின்கதவுப் படியில் நிற்கிறார், கைத்தடியுடன் வரும் பயணிக்குக் கை நீட்டுகிறார், அவருடைய ஒரு ஷூவின் நாடா அவிழ்ந்திருக்கிறது.'

ஒவ்வொரு கமாவிலும் அது நின்று மூச்சு வாங்கியது.

"படத்தை மட்டும் மாத்தியிருக்காங்க அண்ணி. பின்னாடி இருந்த வரியை மாத்தல" என்றாள் கமா. வரியே இல்லாவிட்டால் பரிசோதிக்கிற மென்பொருள் கத்துமாம். வரி ஏதோ ஒன்று இருந்தால் போதும், வாயை மூடிக்கொள்ளுமாம். தப்பான வரியா என்று ஆள்தான் பார்க்க வேண்டும். பார்க்கிற கண் உள்ளவன் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்கிறவர்களுக்குப் படம் தெரியவில்லை. நடுவில் என் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

அவள் உடனே மாற்ற உட்கார்ந்தாள். அவள் தொழிலில் இதைவிடப் பெரிய பிசகு கிடையாது. கண் தெரியாதவர்களிடம், இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்வது. நான் லேப்டாப்பை மூடினேன்.

"விட்டுடும்மா. இதனால யாருக்கு என்ன நஷ்டம்? பெத்தவ காலைல ஒரு தடவை கேட்டுக்கறா. அதையும் பிடுங்கிட்டா அவ மறுபடியும் ஒரு சாவு பார்க்கணும்."

"இது பொய் அண்ணி."

"உன் சட்டத்தைத் தூக்கி உடைப்புல போடு! என் அம்மா உயிரு முக்கியமா, உன் கமா முக்கியமா?"

அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். அன்றைக்கு அவள் மாற்றவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் மாற்றவில்லை.

மாற்றாமல் விட்டதும் வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. அம்மா காலையில் போனை எடுத்ததும் என் மிஷின் தானாக நின்றுவிடும். ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது நானும் கேட்டுப் பார்த்தேன். கண்ணை மூடினால் தம்பி. திறந்தால் தாடிக்காரன். மூடினால் படியில் நிற்கிறான், கை நீட்டுகிறான், கொஞ்சம் குனிந்திருக்கிறான். பயமாக இருந்தது. ஆனாலும் மறுபடி மூடினேன். கமா மட்டும் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. காலையில் அம்மா போனைத் தொடுமுன் குளியலறைக்குள் போய்விடுவாள். அவள் எடை குறைந்துகொண்டே வந்தது. அவளுடைய பேண்ட் இடுப்பைப் பிடித்துக் கொடுத்தவள் நான், எனக்குத் தெரியாதா?

ஒரு மத்தியானம், தைத்த கோட்டு ஒன்றைக் கொடுக்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். எல்லோரும் ஸ்டாப்பின் முன்பக்கம் நெரிசலாக நின்றார்கள். கையில் வெள்ளைத் தடியோடு ஒருவர் மட்டும் தள்ளி, பின்பக்கம் தனியாக நின்றார். நல்ல இஸ்திரி போட்ட சட்டை. முகத்தில் ஒரு நிம்மதி, ஆள் வருவான் என்று தெரிந்து நிற்பவரின் நிம்மதி.

பஸ் வந்தது. முன்கதவு திறந்தது, கூட்டம் ஏறியது. புது பஸ்ஸில் பின்கதவு இறங்க மட்டும்தான். யாரும் இறங்காததால் அது திறக்கவே இல்லை. அவர் மூடிய கதவுக்கு நேராக நின்று, கையை முன்னால் நீட்டினார். யாரோ பிடித்து ஏற்றப்போகிறார்கள் என்பது போல நீட்டினார். கண்ணாடியில் விரல் பட்டது. தடவினார். பஸ் நகர்ந்தது. கையோடு அவரும் ஓரடி இழுபட்டு முட்டி குத்தி விழுந்தார். தடி ரோட்டில் உருண்டது.

நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன். பேண்ட் முட்டி கிழிந்து ரத்தம்.

"இங்க எதுக்கு சார் நிக்கறீங்க? முன்னாடிதானே ஏறணும்!" என்று பயத்தில் கத்திவிட்டேன்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "பின்கதவுலதாம்மா டிரைவர் நிப்பாரு. வெப்சைட்ல போட்டிருக்கே. நீலச் சட்டை, கை நீட்டுவாரு. நான் எங்க வீட்ல கேட்டுட்டுத்தான் வந்தேன்." அப்புறம் வலியிலும் லேசாகச் சிரித்தார். "ஒரு ஷூவுல லேஸ்கூட அவுந்திருக்குமாம். யாரோ நல்லா பார்த்துப் பார்த்து எழுதியிருக்காங்க. அதனாலதான் நம்பினேன்."

என் தம்பியை ஒரு நாளும் பார்க்காத மனிதர், என் தம்பியின் லேஸைப் பற்றி என்னிடம் சொல்கிறார். அந்த வெயிலில் எனக்குக் குளிர் எடுத்தது. அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை.

கமா வீட்டிலேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலையில் இருந்தாள். அம்மா ஜன்னலோரம். நடந்ததை அம்மாவுக்குக் கேட்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. வாசலிலேயே கொட்டிவிட்டேன். கடைசியில், "மாத்திடும்மா. நீ சொன்னதுதான் சரி. அவன் கூப்பிடறான்னு ஜனங்க போய் நிக்கறாங்கம்மா" என்று சொல்லி அழுதேன்.

கமா அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எக்ஸ்சேஞ்சில் இரண்டு பேர் பேச்சை இணைத்துவிட்டு விலகிக்கொள்கிறவளின் குரல் அம்மாவுக்கு. அந்தக் குரலில் கேட்டாள்: "விழுந்தாரா?"

"விழுந்தார்மா."

"அடி பலமா?"

"முட்டில. எலும்பு ஒண்ணும் இல்ல."

"படம் மாறினது எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "நீ சொன்ன அன்னைக்கே தெரியும். உனக்கு வாய்தான் நீளம், பொய் வராது. தெரிஞ்சுதான் கேட்டுட்டிருந்தேன். எனக்கு மட்டும்தான் நிக்கறான்னு நினைச்சேன்." கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போற உசுரைப் பிடிச்சுக்கிட்டு பஸ்ஸை ஓரம் கட்டினவன் அவன். ஒருத்தர் மேலயும் இடிக்கல. இப்ப அவனை நம்பி வந்த மனுஷன் ரோட்டுல விழறதா? எடுத்துடும்மா. அவனுக்கே பிடிக்காது."

கமா அங்கேயே, எங்கள் முன்னால் மாற்றினாள். ஆபீசுக்குப் போன் செய்து மேலாளரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தெரிந்தும் விட்டு வைத்திருந்ததையும் சேர்த்துச் சொன்னாள். தாடிக்காரப் பையனை உற்றுப் பார்த்து எழுதினாள். பிறகு திரையை அணைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அம்மா தன் போனில் கேட்டாள்.

'பச்சைச் சட்டை அணிந்த ஓட்டுநர், புதிய பேருந்தின் முன்கதவில் நிற்கிறார், கதவின் வலப்பக்கக் கைப்பிடியைக் காட்டுகிறார்.'

அவ்வளவுதான். பின்கதவில் இப்போது யாரும் இல்லை.

"பையன் நல்லா இருக்கானா?" என்றாள் அம்மா.

"நல்லா இருக்கான் அத்தை."

"பழசை ஒரு தடவை சொல்லு."

கமா சொன்னாள். பார்க்காமல், ஒரு சொல் பிசகாமல். நீலச் சட்டை, பின்கதவு, நீட்டிய கை, அவிழ்ந்த நாடா. குரல் அந்த மிஷினின் குரல் மாதிரியே இருந்தது. சொல்லி முடித்ததும் எழுந்தாள். குழாயைத் திறக்கத்தான் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அம்மா கையை நீட்டித் தடவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இது நீ பார்த்தது. இவ்ளோ நாள் இதைத்தான் கேட்டேன். இப்ப தெரிஞ்சதைச் சொல்லு."

"அத்தை..."

"சொல்லும்மா. எனக்குப் படம் போயிடுச்சு."

கமாவிடமிருந்து வந்தது பாருங்கள், அணை உடைந்த மாதிரி.

"அது ரெட்டை முடிச்சு அத்தை காலைல நான்தான் குனிஞ்சு போட்டுவிடுவேன் அவருக்கு இறுக்கிக் கட்டினா பிடிக்காது தெருமுனை திரும்பினதும் எனக்குத் தெரியாம அவுத்துடுவாரு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டிருந்தாரு அந்தப் போட்டோவுல பார்த்துட்டு நான் கையும் களவுமா பிடிச்சுட்டேன்னு ஒரே சிரிப்பு அதுக்குத்தான் எழுதினேன் அவரைக் கேலி பண்ணத்தான் எழுதினேன் ஆஸ்பத்திரியில கூப்பிட்டுக் காட்டினப்பவும் அவுந்துதான் இருந்துச்சு அத்தை ஒரு கால்ல தொங்கிட்டிருந்துச்சு நான் கீழ உட்கார்ந்து கட்டினேன் ரெட்டை முடிச்சு போட்டு நல்லா இறுக்கிக் கட்டினேன் அவரு ஒண்ணுமே சொல்லல..."

ஒரு இடத்திலும் அவள் நிற்கவில்லை. மூச்சுக்குக்கூட நிற்கவில்லை. அம்மாவின் மடியில் முகம் புதைந்து, அந்தப் பேச்சு அழுகையாக மாறி, ஜன்னலுக்கு வெளியே தெருவரை கேட்டது. அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டே, "ம்... அப்புறம்?" என்றாள். நான் போய் மிஷினின் சுவிட்சை அணைத்துவிட்டு, தரையில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.